தாயா, சேயா என்னும் வினா

மக்கட்பேற்றை இல்வாழ்க்கையின் தலையாய செல்வமாகப் போற்றாத நாடு உலகில் இல்லை. ஆயினும் அச்செல்வம் ஒரு பெண்ணுக்கு எத்துணை இடர்களின் ஊடே வந்தெய்துகின்றது என்பதனை, அது வந்தெய்திய பின்னர் மகிழ்வோர் பலரும் மறந்துவிடுகின்றனர். பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என நம் மூதாட்டியர் கூறுவது வெறும் அலங்காரமன்று. 2023-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கணும் ஏறத்தாழ 2,60,000 பெண்கள் கருவுற்ற காலத்திலோ, மகப்பேற்றிலோ, அதனையடுத்த சில நாட்களிலோ உயிர் துறந்தனர் என உலக சுகாதார நிறுவனத்தார் கணக்கிட்டுள்ளனர். நாளொன்றுக்கு எழுநூற்றுவருக்கு மேல் என்பது இக்கணக்கின் பொருள்.

கருவுற்ற பெண்ணொருத்தி உயிர்க்கு இறுதி பயக்கும் நோய்வாய்ப்படுங்கால், அவள் கத்தோலிக்கப் பெண்ணாயின், அவளுடைய சமயம் அவளுக்கு யாது கூறுகின்றது? இவ்வினாவிற்குப் பலரும் தரும் விடை ஒன்று உண்டு. சேயைக் காத்துத் தாயைக் கைவிடுக என்பதே திருச்சபையின் கட்டளை என்பர் அவர். சபைக்குப் புறத்தே உள்ளோர் இங்ஙனங் கூறின் அறியாமை எனலாம். சபைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தோரும் இவ்வாறே எண்ணுவராயின், அவ்வெண்ணம் இடர்க்காலத்தில் ஒரு பெண்ணை மருத்துவரிடம் செல்லவொட்டாது தடுத்து அவள் உயிரையே கவர்தல் கூடும். ஆதலின் இதனைச் சிறிது ஆராய்ந்து தெளிதல் நலமாம். இம்மலரைப் பயிலும் நண்பருட் பல சமயத்தினரும் உளராகலின், அனைவர்க்கும் விளங்குமாறு, அண்மைக்காலத்து வாழ்ந்த மாதரசியார் ஒருவரின் வரலாற்றை முன்வைத்து இதனை விளக்கப் புகுகின்றேன்.

மஜெந்தா ஊரின் மருத்துவச்சி

இத்தாலி நாட்டின் வடபால், மிலான் நகருக்கு மேற்கே, மஜெந்தா என்னும் ஊர் உளது. அவ்வூரில் 1922-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 4-ஆம் நாள், பதின்மூன்று மக்களைப் பெற்ற ஒரு குடும்பத்தில் பத்தாம் மகவாகப் பிறந்தவர் ஜியான்னா பெரெற்றா. 1949-ஆம் ஆண்டில் பாவியா நகரத்துப் பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் அறுவைச் சிகிச்சையும் பயின்று பட்டம் பெற்றார். 1950-ஆம் ஆண்டில் மெசெரோ என்னும் சிற்றூரில் மருத்துவ நிலையம் ஒன்று நிறுவினார். 1952-ஆம் ஆண்டில் மிலானில் குழந்தை மருத்துவத்திற் சிறப்புப் பட்டமும் எய்தினார். அவருடைய உடன்பிறந்தாருள் ஒருவர் கப்புச்சின் சபைக் குருவாகவும் மருத்துவராகவும் பிரேசில் நாட்டில் தொண்டாற்றினார். மற்றொருவர் கன்னியாஸ்திரீயாய் நம் இந்திய நாட்டிற்கே மருத்துவத் தொண்டாற்ற வந்தவர். ஜியான்னாவும் பிரேசில் சென்று தமையனாருக்குத் துணைபுரிய விரும்பினாராயினும், பின்னர் இல்லறமே தம் அழைத்தல் எனத் தெளிந்து, 1955-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 24-ஆம் நாள் பியெத்ரோ மோல்லா என்னும் பொறியியல் வல்லுநரை மணந்தார். 1956, 1957, 1959-ஆம் ஆண்டுகளில் மக்கள் மூவர் பிறந்தனர். தாயாகவும் மருத்துவச்சியாகவும் இருவேறு கடன்களை அவர் ஒருங்கே ஆற்றி வந்தார்.

1961-ஆம் ஆண்டில் நான்காம் மகவைக் கருவுற்றிருந்த அவர்க்கு, இரண்டாம் திங்கள் முடியுந் தறுவாயில், கருப்பையின்கண் நார்த்தசைக் கட்டி ஒன்று வளர்ந்திருத்தல் கண்டறியப்பட்டது. இது புற்றுநோயன்று, பெண்கள் பலர்க்கும் உண்டாவதே. இக்காலத்து மருத்துவர் கருவுற்றிருக்கும்போது இதனைப் பெரும்பாலும் அறுப்பதில்லை. ஆயின் ஜியான்னாவிற்கு நேர்ந்த நிலையில் அறுவை இன்றியமையாததாயிற்று. மருத்துவர்முன் மூன்று வழிகள் இருந்தன. கருப்பை முழுவதையும் எடுத்துவிடுதல் முதல் வழி. தாய்க்கு இடர் குறைவு, ஆயின் கருவும் உடன் அழியும். பின்னர் மகப்பேறும் இல்லை. கருவை அழித்துப் பின் கட்டியை அறுத்தல் இரண்டாம் வழி. தாய் பிழைப்பாள், மீண்டும் கருவுறுதலுங் கூடும். கருவைத் தீண்டாது கட்டியை மட்டும் அறுத்தெடுத்தல் மூன்றாம் வழி; சேய் வாழ வாய்ப்புண்டு, ஆயின் அறுவையின்போதும் அதன்பின் கரு வளருந்தோறும் தாய்க்கு இடர் மிகுதி.

ஜியான்னா மருத்துவராகலின் இம்மூன்றன் இயல்பையும் பிறர் சொல்லக் கேட்டறியவேண்டியதில்லை. அவர் மூன்றாவதனைத் தேர்ந்து, கருவின் உயிரைக் காக்குமாறு அறுவை மருத்துவரை வேண்டிக்கொண்டார். அவ்வாண்டு செப்டம்பர் மாதம் 6-ஆம் நாள் மொன்சா நகரத்து மருத்துவமனையில் அறுவை நிகழ்ந்தது. கட்டி நீங்கியது, கரு பிழைத்தது. அவர் இல்லந் திரும்பித் தம் கடன்களை மேற்கொண்டார்.

இவ்வரலாற்றின் முடிவைப் பின்னர்க் காண்பாம். ஈண்டு வாசகர் உளங்கொள வேண்டியது ஒன்றுண்டு. இம்மாதரசியாரைப் பற்றிப் பேசுவோருட் சிலர், அவர் சிகிச்சையை மறுத்து உயிர் நீத்தார் எனச் சுருங்கக் கூறி விடுகின்றனர். அது பிழை. அவர் சிகிச்சையை மறுத்தவரல்லர். உரிய காலத்தில் அறுவைக்குத் தம்மை ஒப்படைத்தவர். மூன்று சிகிச்சைகளுள் ஒன்றைத் தேர்ந்தார் என்பதே உண்மை. இனி, அவருடைய சமயம் அம்மூன்றனுள் எவற்றை விலக்கியது, எவற்றை இசைந்தது என்பது ஆராயற்பாலது.

கருத்தும் விளைவும்

பலரும் எதிர்பாராத செய்தி இதுவே: கத்தோலிக்க நெறி விலக்கியது இரண்டாம் வழி ஒன்றனையே. முதல் வழியாகிய கருப்பை நீக்கம், கரு உடன் அழியுமெனினும், விலக்கப்படவில்லை. அதனை ஜியான்னா தேர்ந்திருப்பினும் அவர்மேல் ஒரு குற்றமும் சாராது.

முதல் வழியிலும் இரண்டாம் வழியிலும் சேய் இறத்தல் ஒன்றாயிருக்க, ஒன்று தக்கதும் மற்றொன்று தகாததும் ஆனது எங்ஙனம்? இதற்கு அடிப்படையாயுள்ளது இருவகை விளைவு நெறி என்பது. பதின்மூன்றாம் நூற்றாண்டினரான அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் என்னும் பேரறிஞர், தன்னைக் கொல்ல வந்தவனைத் தடுத்து ஒருவன் தன்னுயிர் காத்தல் பற்றி ஆராயுமிடத்து, ஒரு செயலுக்கு விளைவு இரண்டு உண்டாதல் கூடுமென்றும், அவற்றுள் ஒன்றே கருதப்பட்டதாய் மற்றது கருத்திற்குப் புறம்பாய் நிற்றல் கூடுமென்றும் காட்டினார். அதனைப் பின்வந்த அறநூலார் நான்கு விதிகளாக வகுத்தனர். செயல் தன்னளவில் தீயதாகாதிருத்தல் வேண்டும். செய்வோன் நல்விளைவையே கருதுதல் வேண்டும். தீவிளைவு நல்விளைவை அடைதற்குக் கருவியாகாதிருத்தல் வேண்டும். தீவிளைவைப் பொறுத்தற்குத் தக்க பெருங்காரணம் இருத்தல் வேண்டும்.

தமிழ் பயில்வோர்க்கு இதனை விளக்க நம் இலக்கணமே துணைசெய்யும். செயப்படுபொருளைக் கருத்துண்டாகிய செயப்படுபொருள் எனவும், கருத்தின்றாகிய செயப்படுபொருள் எனவும் இலக்கண நூலார் பகுப்பர். ‘சோற்றை உண்டான்’ என்புழி உண்டல் அவன் கருதிச் செய்தது. ‘சோற்றைக் குழைத்தான்’ என்புழியோ அடுவோன் கருதியது சோற்றைப் பதமுற ஆக்குதலே. குழைதல் அவன் கருத்தின் வழிப்பட்டதன்று. வேற்றுமை இரண்டிடத்தும் ஒன்றே. வினை சென்று தங்கியதும் சோற்றின்மேலேதான். ஆயினும் கருத்து நோக்கி அவை வேறாயின. எனினும் இவ்வுவமை முற்றும் பொருந்தாது. அடுவோன் குழைதலை முன்னறியான். அறுவை மருத்துவனோ சேயின் இறப்பை முன்னறிந்தே கத்தியை எடுக்கின்றான். முன்னறிதல் வேறு, கருதுதல் வேறு என்பதே அறநூலார் கோட்பாடு.

இருவகை மருத்துவரையும் பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. கருப்பையை நீக்கிய மருத்துவன், எவ்வாறோ சேயும் பிழைத்தது எனக் கேட்பின், தன் செயல் இருமடங்கு நிறைவுற்றதென மகிழ்வான். கருவை அழிக்கப் புகுந்தவனுக்கோ, சேய் பிழைத்ததாயின் தான் மேற்கொண்ட செயலே நிறைவேறாது ஒழிந்ததாகும். முன்னவன் கத்தி நோயின்மேற் சென்றது. பின்னவன் கத்தி சேயின்மேற் சென்றது. இவ்வேறுபாடு சொல்லளவினதே என்பாரும் உளர். சேயை இழந்த தாய்க்கு இரண்டும் ஒரே துயரமன்றோ என அவர் வினவுவர். துயரம் ஒன்றே, ஐயமில்லை. ஆயின் குற்றமற்ற உயிரொன்றைக் கொல்லுதலை மற்றொரு நன்மைக்குக் கருவியாக்கலாகாது என்னும் எல்லையை ஒருமுறை அழித்துவிடின் பின்னர் எவ்வுயிர்க்கும் காப்பில்லை என்பது திருச்சபையின் அச்சம்.

வினா பிறந்த காலம்

தாயா, சேயா என்னும் வினா பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவச் சாலைகளில் மிக்கொலித்தது. இடுப்பெலும்பு குறுகிய பெண்ணொருத்திக்குப் பிள்ளை வெளிவாராது தடைப்படின், அக்காலத்து மருத்துவர்க்கு இருந்த வழிகள் இரண்டே. வயிற்றைக் கீறிச் சேயை எடுப்பின் தாய் பெரும்பாலும் இறந்துபடுவாள். தாயைக் காக்க வேண்டின் வயிற்றினுள்ளேயே சேயின் தலையை நசுக்கி வெளிக்கொணர வேண்டும். 1884-ஆம் ஆண்டில் இவ்வினா உரோமைக்குச் சென்றபோது, தலையை நசுக்கும் முறை தக்கதெனக் கற்பித்தல் பாதுகாப்பானதன்று என விடை வந்தது. பலர் இதனைக் கொடுமை என்றனர்.

ஆயின் மருத்துவம் வாளாவிருக்கவில்லை. 1876-ஆம் ஆண்டில் எதுவார்தோ போர்ரோ என்பார், வயிற்றைக் கீறிச் சேயை எடுத்தபின் கருப்பையையும் நீக்கிக் குருதிப்பெருக்கைத் தடுத்து இருவரையும் பிழைக்கச் செய்தார். இது நிகழ்ந்த இடம் பின்னாளில் ஜியான்னா மருத்துவம் பயின்ற அதே பாவியா நகரம். 1882-ஆம் ஆண்டில் செர்மனி நாட்டு மாக்ஸ் சேங்கர் என்பார் கருப்பையின் கீறலைத் தைத்து மூடும் முறையைத் திருத்தமுற அமைத்தார். பின்னர் நுண்கிருமி நீக்கமும், குருதியேற்றலும், பெனிசிலினும் வந்தன. இருவருள் ஒருவரைக் கொல்லாது விடிலன்றி மற்றவர் பிழையார் என்றிருந்த இடங்களிற் பல, இருவரும் பிழைக்கும் இடங்களாயின. வினாவுக்கு விடை காணுதலினும் வினாவையே ஒழித்தல் மேல் என்பதற்கு இதனிற் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1951-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஆற்றிய உரையொன்றில் இதனையே தெளிவுபடுத்தினார். சேயின் உயிரைத் தாயின் உயிரினும் மேலாக மதிக்க வேண்டுமெனத் திருச்சபை எக்காலத்தும் கற்பித்ததில்லை என்றும், இவளா அதுவா என வினவுதலே தவறென்றும், இருவரையுங் காக்க முயல்வதே கடனென்றும் அவர் கூறினார். தாயின் உயிரைக் காக்கும் பொருட்டு, அவள் கருவுற்ற நிலையினின்று வேறாக, அறுவையோ பிற சிகிச்சையோ உடனே வேண்டப்படின், விரும்பப்படாததும் தவிர்க்கவியலாததுமாய்ச் சேயின் இறப்பு பின்தொடரினும், அதனைக் குற்றமற்ற உயிர்மேல் நேரே தொடுத்த செயல் எனல் ஆகாது என்பதும் அவ்வுரையின் பகுதியே.

நெறி செல்லுமிடங்கள்

இந்நெறி நோய்தோறும் எங்ஙனம் செல்லுகின்றது என்பதனை ஓரிரண்டு எடுத்துக்காட்டுகளாற் காண்பாம்.

கரு கருப்பையில் தங்காது கருக்குழலிலேயே தங்கி வளர்தல் ஒரு கொடிய இடர். சூல்கள் நூற்றுள் ஒன்றிரண்டு இவ்வாறு நேர்கின்றன. குழல் குறுகியதாகலின் சில வாரங்களில் அது வெடித்து, உள்ளே குருதி பெருகித் தாய் இறப்பாள். அங்குத் தங்கிய சேய் பிறந்து வாழ்தல் அரிதினும் அரிது. 1883-ஆம் ஆண்டில் இலாசன் டெய்ட் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் வெடித்த குழலை அறுத்து நீக்கித் தாயைப் பிழைக்கச் செய்தார். 1902-ஆம் ஆண்டில் உரோமையினின்று வந்த விடை, முதிராத சேயைக் குழலினின்று எடுத்தலை இசையவில்லை. 1933-ஆம் ஆண்டில் சேசுசபைக் குரு பௌஸ்காரன் என்பார் இதனை நுணுகி ஆராய்ந்து நூலொன்று வெளியிட்டார். புற்றுநோயுற்ற கருப்பையைக் கருவோடு நீக்குதல் தகுமாயின், சிதைந்து வெடிக்கவிருக்கும் குழலை நீக்குதலும் தகும் என்பது அவர் கண்ட முடிவு. அதனை அறநூலார் பெரும்பாலும் ஏற்றனர்; கத்தோலிக்க மருத்துவமனைகளிலும் குழல்நீக்கம் நிகழ்கின்றது. மருந்தினாற் கருவின் வளர்ச்சியைத் தடுக்கும் பிற்கால முறையைப் பற்றி அவர்க்குள் கருத்து வேற்றுமை உண்டு. ஆதலின் கருக்குழற் சூலுற்ற கத்தோலிக்கப் பெண், தன் சமயத்தின் பொருட்டு மருத்துவமனை வாயிலில் தயங்கி நிற்க வேண்டுவதில்லை; தயங்கின் உயிர்க்கு இறுதியாம்.

இருபதாம் வாரத்திற்குப் பின் குருதியழுத்தம் மிகுந்து, வலிப்பில் முடியும் சூல்நோய் மற்றொன்று. மகனீசிய உப்பை ஊசிவழிச் செலுத்தின் வலிப்பு நேரும் வாய்ப்புப் பாதிக்கு மேற் குறையுமென 2002-ஆம் ஆண்டில் வெளிவந்த பல நாட்டு ஆய்வு காட்டியது. எனினும் இந்நோய்க்கு முற்றத் தீர்வு மகப்பேறு ஒன்றே. சேய் வெளியில் உயிர்வாழத்தக்க பருவம் எய்தியிருப்பின், தக்க காரணம் பற்றி மகப்பேற்றை முற்பட வருவித்தல் நெறிக்கு மாறன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டு மேற்றிராணிமார் கத்தோலிக்க மருத்துவமனைகட்கென வகுத்த விதிகளுள் 49-ஆவது இதனை இசைகின்றது. சேய் அப்பருவம் எய்துங்காறும் தாழ்த்தலாகாத கொடுநோய்க்கு நேரே செய்யப்படும் சிகிச்சையை, சேய் இறக்குமெனினும், 47-ஆம் விதி இசைகின்றது.

நெறி இடர்ப்படுமிடம்

எல்லாம் இங்ஙனம் எளிதில் முடியுமாயின் இக்கட்டுரைக்கு இடமில்லை. நோய் ஓர் உறுப்பில் நின்றால் அவ்வுறுப்பை நீக்கலாம். கருவுற்ற நிலையே தாயின் நெஞ்சையும் நுரையீரலையும் தாக்கிக் கொல்லுமாயின் என் செய்வது?

2009-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரத்துக் கத்தோலிக்க மருத்துவமனை ஒன்றில் இவ்விடர் நேர்ந்தது. மக்கள் நால்வரைப் பெற்ற இளம்பெண் ஒருத்தி பதினொரு வாரக் கருவோடு, நுரையீரற் குருதிக்குழல்களில் அழுத்தம் மிகும் நோயால் இறக்குந் தறுவாயில் இருந்தாள். சூல் தொடரின் தாய் இறப்பது ஏறத்தாழ உறுதியென மருத்துவர் துணிந்தனர். பதினொரு வாரச் சேய் தாய் இறந்தபின் வாழாது. மருத்துவமனையின் அறநெறிக் குழுவில் இருந்த சகோதரி மார்கரெட் மெக்பிரைடு என்னும் கன்னியாஸ்திரீயார் இசைய, கரு நீக்கப்பட்டது; தாய் பிழைத்தாள். அந்நகரத்து மேற்றிராணியார் தாமஸ் ஓம்ஸ்டெட் இதனை நேரே கருவழித்தல் எனக் கொண்டு, அச்சகோதரியார் சபை விலக்கிற்கு ஆளானார் என 2010-ஆம் ஆண்டில் அறிவித்தார்; அவ்வாண்டு டிசம்பரில் அம்மருத்துவமனை கத்தோலிக்கம் என்னும் பெயரையும் இழந்தது. மேற்றிராணிமார் பேரவையின் கோட்பாட்டுக் குழு அவர் கருத்தையே வலியுறுத்தியது. ஆயின் தெரேஸ் லைசாட் என்னும் இறைநூற் பேராசிரியர், நோய்க்கு நிலைக்களமாயிருந்தது நச்சுக்கொடியே. அதனை நீக்கியமை சேயைக் கொல்லக் கருதியதன்று என வாதித்தார். சகோதரியார் பின்னர்ச் சபையோடு ஒப்புரவாயினர்.

இவ்வழக்கை முடிவு கூறும் தகுதி எனக்கில்லை. எனினும் இதனை மறைத்துவிட்டு நெறியின் எளிய இடங்களை மட்டும் காட்டுதல் நேர்மையாகாது. திருச்சபையின் போதனை பலர் எண்ணுமளவு கடியதன்று. ஆயின் சிலர் மென்மைப்படுத்திக் கூறுமளவு எளியதுமன்று. தாயைச் சாகவிடுக என அது கூறவில்லை. தாயைக் காக்கச் சேயை நேரே கொல்க என்று கூறவும் அது இசைவதில்லை. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள நிலம் அகன்றது. அதன் ஓரத்திலோ பாறை உளது.

கடனும் கடனுக்கு மேற்பட்டதும்

மீண்டும் ஜியான்னாவினிடம் வருவாம். 1962-ஆம் ஆண்டு பெரிய வெள்ளிக்கிழமையன்று அவர் மொன்சா மருத்துவமனையிற் சேர்ந்தார். இருவருள் ஒருவரைத் தேரவேண்டி நேரின் சேயையே தேர்க எனச் சில நாட்கள் முன்னரே தம்மைச் சூழ்ந்தோரிடம் உறுதியாகக் கூறியிருந்தார். மறுநாள், ஏப்ரல் மாதம் 21-ஆம் நாள் பெரிய சனிக்கிழமை, வயிற்றைக் கீறி எடுக்கப் பெண்மகவு நலமுறப் பிறந்தது. ஆயின் தாய்க்கு வயிற்றின் உட்சவ்வில் நச்சுக்கிருமிகள் பரவிக் கடும் அழற்சி உண்டாயிற்று. ஒரு வாரம் சொல்லொணா நோவுற்று, சேசுநாதரின் திருநாமத்தை மீண்டும் மீண்டும் உச்சரித்தவாறு, 28-ஆம் நாட் காலையில் தம் இல்லத்தில் உயிர் நீத்தார். அவர்க்கு வயது முப்பத்தொன்பது. அவர் உயிரைக் கவர்ந்தது கட்டியன்று, மகப்பேற்றின் பின் வந்த நச்சழற்சியே என்பதும் நினைவுகூரத்தக்கது.

1994-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 24-ஆம் நாள் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் அவர்க்கு முத்திப்பேறு பட்டமும், 2004-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் நாள் அர்ச்சியசிஷ்ட பட்டமும் அளித்தார். பின்னைய விழாவில் கணவரும் மக்களும் உடனிருந்தனர். தாயின் உயிரை விலையாகப் பெற்றுப் பிறந்த மகள், தாயின் பெயரையே தாங்கி, தாயைப் போன்றே மருத்துவருமானார்.

இப்பட்டம் எதனைக் காட்டுகின்றது? கடன் வேறு, கடனுக்கு மேற்பட்ட ஈகை வேறு. நீரில் வீழ்ந்த அயலான் மகவைக் காக்கத் தன்னுயிர் கொடுத்தவனை உலகம் போற்றுகின்றது. நீந்த அறியாது கரையில் நின்று கூவித் துணையழைத்தவனை ஒருவரும் பழிப்பதில்லை. முன்னதைக் கடனாக்கிவிடின் அதன் பெருமையே ஒழிந்துவிடும். ஜியான்னா கட்டளைக்கு அஞ்சி இறந்தவரல்லர். தமக்கு இசைவாயிருந்த எளிய வழியைத் தாமே விடுத்து, அன்பினால் அரிய வழியைத் தேர்ந்தவர். அவருடைய ஈகையைப் பிற பெண்டிர்மேற் சுமத்தும் சட்டமாக்குதல் அவரைப் போற்றுதலாகாது. கருப்பையை இழந்து உயிர் பிழைத்து, வீட்டிலுள்ள மூன்று மக்களையும் வளர்க்கும் தாயும் திருச்சபையின் நன்மகளே.

ஆதலின் இத்தகைய இடரை எய்திய குடும்பத்தார்க்கு இரண்டொரு சொற்கள் கூறி முடிக்கின்றேன். முதற்கண் காலந்தாழ்த்தாது மருத்துவரை அடைக. நோய் யாது, சேய்க்குப் பருவம் எத்துணை, இருவரையும் காக்கும் வழி உண்டா என வினவித் தெளிக. நெறியைப் பற்றி ஐயமுண்டாயின் அயலார் சொல்லை நம்பாது, அறநூல் கற்ற குருவை வினவுக. பேரிடருள்ள அறுவைக்கு முன் நோயிற்பூசுதல் பெறலாம். அது சாவோர்க்கே உரியதென அஞ்ச வேண்டா. சேய் பிறந்து இறக்குந் தறுவாயில் இருப்பின், குரு வருமளவும் காத்திராது, அருகிருப்பார் எவரும், செவிலியும், பிற சமயத்தவராயினும் கூட, திருச்சபையின் கருத்தோடு நீர் வார்த்து ஞானஸ்நானம் அளிக்கலாம். ஞானஸ்நானம் பெறுமுன் இறந்த குழந்தைகளும் மீட்புப் பெறுவர் என நம்புதற்குத் தக்க காரணங்கள் உளவென 2007-ஆம் ஆண்டில் உரோமையின் இறையியற் குழு வெளியிட்ட ஆவணம் எடுத்துக்காட்டியுள்ளது. சேயை இழந்து அழும் தாயர்க்கு இச்செய்தி சிறிதேனும் ஆறுதல் தருமாக.

நோய்ப்படுக்கையிற் கிடக்கும் பெண்ணின் அருகே நின்று தாயா, சேயா என வினவுதற்கு முன், இருவரையும் காக்க யான் இன்னும் செய்யற்பாலது யாது என ஒவ்வொருவரும் தம்மை வினவுவாராக.